பந்து ரிங்கைத் தொட்ட பிறகு

ஜூன் 15, சனி

இந்த நோட்டைச் சங்கத்தில் கொடுத்தார்கள். மாவட்டத்தில் பாஸ்கட்பால் ரெஃப்ரீயாக இருக்கும் பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கொன்று. புது விதி வந்திருக்கிறது, அது கைக்குப் பழகும்வரை ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் செய்த தப்பை எழுதி வைக்க வேண்டுமாம். சீசன் முடிவில் செயலாளர் பாலகுரு வாங்கிப் பார்ப்பானாம். அவனும் நானும் ஒரே கல்லூரி டீமில் ஆடியவர்கள். அப்போது எனக்குப் பந்தைக்கூடப் போடமாட்டான், இப்போது என் தப்பைப் பார்க்கப்போகிறான். பார்த்துக் கிழித்தான். வேறொரு நோட்டில் நல்லபடியாக நாலு வரி எழுதி அதைக் கொடுத்துக்கொள்ளலாம். இது எனக்கு.

விதி இதுதான். ஃப்ரீ த்ரோ போடும்போது கட்டத்தின் இரண்டு பக்கமும் ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். போடுகிறவர் தவறவிட்டால் பந்தைப் பிடிக்க உள்ளே பாய்வார்கள். இத்தனை வருஷமும், போடுகிறவர் கையைவிட்டுப் பந்து கிளம்பியதும் பாயலாம். இனிமேல் பந்து ரிங்கைத் தொட்ட பிறகுதான் காலை உள்ளே வைக்க வேண்டும். முந்தினால் விசில்.

சொல்லச் சுலபம். ரிங்குக்குக் கீழே எல்லைக்கோட்டில் நிற்கிற ரெஃப்ரீக்குக் கால்கள் எதிரே இருக்கின்றன, ரிங் தலைக்கு மேலே இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க எனக்கென்ன ஓணான் கண்ணா? கேட்டே விட்டேன். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், மீசை இப்போதுதான் முளைத்திருக்கிறது, சிரித்துக்கொண்டே, பார்க்க வேண்டாம் சார், கேளுங்கள் என்றார். கண் காலில், காது ரிங்கில். பந்து பட்டால் டங் என்று சத்தம் வருமாம்.

எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ரிங்கில் பந்தைப் போட்டு, சத்தம் கேட்டதும் கையைத் தூக்கச் சொன்னார்கள். பத்துக்குப் பத்தும் சரியாகத் தூக்கினேன். கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருந்தேன், மற்றவர்கள் யாராவது ஏமாற்றுகிறார்களா என்று பார்ப்பதற்காக.

தப்பு: இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

தமயந்தி கோயிலுக்குப் போகும்போது குக்கரில் பருப்பை வைத்து, மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். விசிலே வரவில்லை. அவள் திரும்பி வந்தபோது பருப்பு அடிப்பிடித்துக் கரியாகி வீடெல்லாம் புகை. தெருமுனைவரை விசில் கேட்டதாம். இருக்கலாம், வேறு வீட்டு விசிலாக இருக்கும். குக்கர் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, கேஸ்கட் போயிருக்கிறது. நாளைக்குப் புதுசு வாங்க வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

நாய் கடித்துவிட்டது. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் இருபத்தாறு வருஷமாக வீடு வீடாக நுழைகிறேன், இதுதான் முதல் கடி. ஒரு சத்தம் போடாமல் பின்னால் வந்து ஆடுசதையில் வைத்துவிட்டது சனியன். வீட்டுக்காரம்மா, அது நீங்கள் கேட்டைத் திறந்ததிலிருந்து குரைத்துக்கொண்டே இருந்ததே என்றார். தன் நாயை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

ஐந்து ஊசி. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

புது விதியில் முதல் மேட்ச். என்னோடு ஜெசிந்தா. மகளிர் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை, கல்லூரியில் நன்றாக ஆடியவள், நாலு வருஷமாக நாங்கள் இருவரும்தான் ஜோடி. நான் ரிங்குக்குக் கீழே, அவள் நடுக்கோட்டுப் பக்கம்.

ஆட்டக்காரர்கள் யாருக்கும் விதி பழகவில்லை. பழைய ஞாபகத்தில் பாய்கிறார்கள், பாதியில் நினைவு வந்து ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நிற்கிறார்கள், பின்னால் வந்தவன் முட்டி விழுகிறான். கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. எங்களுக்கும் பழகவில்லை. ஒரு தடவை பந்து கையைவிட்டுக் கிளம்பியதுமே என் கை தன்னால் இறங்கி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது. முப்பது வருஷக் கை, அதற்கு யார் சுற்றறிக்கை அனுப்புவது?

ஆறு முறை விசில் ஊதினேன். இரண்டுக்கு ஜெசிந்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது, சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று என்னைக் கேட்டாள். ஏன், உனக்குக் கேட்கவில்லையா என்றேன். பாட்டிலை மூடிவிட்டு எழுந்து போனாள். பாவம், அவளுக்கும் தடுமாற்றம்தான் போலிருக்கிறது.

தப்பு: ஒன்று. கை இறங்கியது.

ஜூலை 14, ஞாயிறு

ஜெசிந்தா ஒரு யோசனை சொன்னாள். ஃப்ரீ த்ரோவின்போது அவள் ஒரு கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, பந்து ரிங்கைத் தொட்டதும் இறக்குவாளாம். அவள் நிற்கிற இடத்திலிருந்து ரிங் நன்றாகத் தெரியும். நான் கால்களைப் பார்க்கும்போதே அவள் கை என் ஓரக்கண்ணில் படும். அவளுக்கு அப்படிச் செய்தால் மனசுக்குத் தெம்பாக இருக்குமாம். சரி, செய்துகொள்ளம்மா என்றேன். சின்னவர்களுக்கு நாம்தான் இடம் கொடுக்க வேண்டும்.

இன்று ஒரு தகராறும் இல்லை.

தப்பு: இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டு மேட்ச். தப்பு: இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

டிவி சத்தத்துக்காகத் தமயந்தியோடு சண்டை. மாடி வீட்டுக்காரர்கள் கேட்டு அனுப்பினார்களாம், யாருக்காவது காது கேட்காதா என்று. இப்போது வருகிற நடிகர்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய? அவள் ரிமோட்டைப் பிடுங்கிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள். என்னமோ சொல்லிக்கொண்டே போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் யாருக்குப் புரியும்?

சாப்பாட்டின்போது, காது டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாமே என்றாள். ஊரில் பாதிப் பேர் ரெஃப்ரீக்குக் கண் தெரியவில்லை என்று கத்தியிருக்கிறார்கள், இனி வீட்டில் நீ காதைப் பிடித்துக்கொள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பாலகுரு மேட்ச் பார்க்க வந்திருந்தான். மாவட்டத்திலேயே புது விதியைத் தடுமாறாமல் எடுத்துப் போகிற ஜோடி நீங்கள்தான் என்றான். மற்ற இடங்களில் அடிதடியாம். ஒரு ஊரில் ரெஃப்ரீயின் சைக்கிளைக் கிணற்றில் போட்டுவிட்டார்களாம். எப்படிடா கதிரேசா இந்த வயசில் இவ்வளவு கூர்மை என்று தோளில் தட்டினான். ஜெசிந்தா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு குனிந்தே இருந்தாள். அவளையும் நாலு வார்த்தை பாராட்டியிருக்கலாம் அவன்.

பள்ளிகளுக்கான மாவட்டப் போட்டி அடுத்த மாதம். பெண்கள் ஃபைனலுக்கு நீதான் என்று இப்போதே சொல்லிவிட்டான். நோட்டில் எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிப் பேசக்கூடாது.

செப்டம்பர் 21, சனி

செமி ஃபைனல் முடிந்தது. ஜெசிந்தாவின் பள்ளி ஃபைனலுக்கு வந்துவிட்டது. அதனால் ஃபைனலில் அவள் என்னோடு விசில் பிடிக்க முடியாது, தன் டீமோடு பெஞ்சில் உட்கார வேண்டும். எனக்கு ஜோடியாகப் பக்கத்து ஊர் பிரவீனைப் போட்டிருக்கிறார்கள். சுறுசுறுப்பான பையன், பேச்சுத்தான் அதிகம்.

அவள் டீமில் சங்கவி என்று ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பு. உயரம் அப்படியொன்றுமில்லை, ஆனால் ரீபவுண்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும் போலிருக்கிறது. எல்லோரும் புது விதியில் திணறும்போது இவள் மட்டும் சத்தத்தோடு சத்தமாகக் கிளம்புகிறாள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஃபைனலில் ஜெயித்தால் டீம் மாநிலப் போட்டிக்குப் போகும், மாநிலச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட்டு. அந்தச் சான்றிதழுக்கு இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம். இதெல்லாம் ஜெசிந்தா சொன்னது. ரெஃப்ரீயிடம் ஏன் சொல்கிறாள்?

செப்டம்பர் 24, செவ்வாய்

சாயங்காலம் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். தமயந்தி காபி கொடுத்தாள். வந்தவள் அதை ஆறவிட்டு, ஆடை கட்டிய பிறகும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, வேண்டுமென்றே என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், ஃபைனல் நீங்க எடுக்க வேணாம் சார். உடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க."

எனக்கு எரிந்தது. ஏன் என்றேன். உன் டீம் ஆடுகிற மேட்சுக்கு எந்த ரெஃப்ரீ வரவேண்டும் என்று நீ சொல்வாயா, இதற்குப் பெயர் என்ன தெரியுமா என்று கேட்டேன். நாலு வருஷப் பழக்கத்துக்காகச் சும்மா விடுகிறேன், இல்லையென்றால் பாலகுருவுக்குப் போன் போட்டிருப்பேன் என்றும் சொன்னேன்.

"அதுக்கில்ல சார். அன்னைக்கு நான் கையை இறக்க மாட்டேன்ல, அதுக்குத்தான்."

உனக்காகத்தானே அந்தக் கையே என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். தமயந்தி அந்தக் காபியை வாஷ் பேசினில் கொட்டிக்கொண்டு, அந்தப் பெண் சொல்வதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றாள். பெண்கள் எல்லோரும் ஒரு கட்சி.

செப்டம்பர் 28, சனி

ஃபைனல். எழுதிவிடுகிறேன், மனசில் இருக்கும்போதே.

கூட்டம் சுவர்மேலெல்லாம் உட்கார்ந்திருந்தது. தாரை தப்பட்டை வேறு. கடைசி ஒன்பது விநாடி, ஜெசிந்தாவின் பள்ளி ஒரு பாயிண்ட் பின்னால். அவர்களுக்குக் கடைசி ஃப்ரீ த்ரோ. கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. நான் ரிங்குக்குக் கீழே நின்றேன். சங்கவி எனக்கு எதிர்வரிசையில், இடுப்பைத் தாழ்த்தி நின்றாள். பிரவீன் நடுக்கோட்டுப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்றான்.

பந்து கிளம்பியது. நான் அவள் காலைப் பார்த்தேன். கால் உள்ளே வந்தது. நான் விசில் ஊதினேன்.

பந்து ரிங்கில் பட்டுத் தெறித்திருக்கிறது, அவள் அதைக் காற்றிலேயே பிடித்துத் திரும்பப் போட்டிருக்கிறாள், உள்ளே விழுந்திருக்கிறது. அதையெல்லாம் விசிலுக்குப் பிறகுதான் பார்த்தேன். அவர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைக் குறுக்கே ஆட்டிக் கோலை ரத்து செய்து, பந்தை எதிர் அணிக்குக் கொடுத்தேன். மீதி நேரம் ஓடிவிட்டது. ஒரு பாயிண்டில் தோற்றார்கள்.

சங்கவி அழவில்லை, சண்டையும் போடவில்லை. என்னிடம் ஓடி வந்து மூச்சு வாங்க ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், முந்திட்டேனா சார்?"

ஆமாம் என்றேன். சரி சார் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அப்பீல் எழுதிக் கொடுக்க ஜெசிந்தாவுக்கு இருபது நிமிஷம் இருந்தது. ஸ்கோர் மேஜைப் பக்கம் வந்து, பேனாவை எடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

கால் முந்தித்தான் வந்தது. சத்தத்துக்கு முன்னால் வந்தால் முந்தியதுதானே. சத்தம் வரவில்லையே.

தப்பு: இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். ரெஃப்ரீ சட்டையில் அக்குள் கிழிந்திருக்கிறது. தைக்க வேண்டும்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள். சங்கவியின் அப்பா எடுத்தது. தன் மகளை மட்டும் கிட்டக் காட்டி எடுத்திருக்கிறார் மனுஷன். அவள் முகம், தோள், கால் தெரிகிறது. ரிங் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் கோட்டோரத்தில் என் முதுகு தெரிகிறது.

ரிங் இல்லாததால் எப்போது பந்து தொட்டது என்று பார்க்க முடியாது, சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். சத்தத்தை முழுசாக வைத்துக் காதோடு ஒட்டிப் பிடித்து இருபது தடவை போட்டுப் பார்த்தேன். கூட்டத்தின் இரைச்சல்தான் இருக்கிறது. டங் என்று எதுவும் இல்லை. செல்போன் ஸ்பீக்கர் மட்டமானது. அதில் என்ன கேட்கும்?

அவ்வளவு பெரிய ரிங். முப்பது வருஷம் அதற்குக் கீழே நின்றிருக்கிறேன். அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் தமயந்தி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். போனைக் கொண்டுபோய் அவள் முன் வைத்தேன். இதில் ஒரு இடத்தில் இரும்பில் பந்து பட்டாற்போலச் சத்தம் வருகிறதா பார், என் போன் ஸ்பீக்கர் சரியில்லை என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள்.

வருது, நல்லாத் தெளிவா வருது என்றாள்.

வந்ததும் என் கையில் தட்டு என்றேன். நான் படத்தைப் பார்க்கிறேன், நீ பார்க்காதே, கேட்டால் மட்டும் போதும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, என் மணிக்கட்டின்மேல் இரண்டு விரலை வைத்தாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை.

படத்தை ஓட்டினேன். சங்கவி தாழ்ந்து நின்றாள். தமயந்தி தட்டினாள். அப்புறம்தான் கால் உள்ளே வந்தது.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். தட்டினாள். கால் வந்தது. ஒன்பது தடவை போட்டோம். ஒன்பது தடவையும் தட்டுதான் முதலில்.

பத்தாவது தடவை தட்டிய விரலை அவள் எடுக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை நாளா இப்பிடி?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். குக்கருக்கு கேஸ்கட் வாங்கப் போனபோது, கடைக்காரன் பழையதைப் பார்த்துவிட்டு இது நல்லாத்தானே சார் இருக்கு என்று சொன்னான். அன்றைக்கே தெரியும்.

தப்பு: ஒன்று.

அக்டோபர் 7, திங்கள்

காது டாக்டர். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணைத் திறந்து ஏமாற்ற அங்கே எதுவும் இல்லை. கணகணவென்ற சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டனவாம், அமைதியான இடத்தில் எதிரே நின்று பேசினால் சமாளிக்கலாமாம், இரைச்சலில் முடியாதாம். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். மீட்டர் கணக்கு என்றேன். தமயந்தி, இவர் முப்பது வருஷம் விசில் ஊதினார் டாக்டர் என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டு, காதுக்கு இவ்வளவு பக்கத்திலா என்றார்.

போனது திரும்பாதாம்.

அக்டோபர் 9, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பாலகுருவைப் பார்க்கப் போனேன். டாக்டர் சீட்டு, வீடியோ எல்லாவற்றையும் அவன் மேஜையில் வைத்தேன். எழுதியும் கொண்டுபோயிருந்தேன். ஃபைனலில் நான் ஊதியது தவறு, எனக்குச் சத்தம் கேட்கவில்லை, அந்தக் கோல் செல்லும், ஜெயித்தது அந்தப் பள்ளிதான் என்று.

அவன் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

விதிப் புத்தகத்தை எடுத்து எனக்கே படித்துக் காட்டினான். விதியைத் தெரியாமல் ஊதினால் திருத்தலாம், அதுவும் உடனே. கண்ணால் பார்த்து எடுத்த முடிவைத் திருத்த வழியில்லை. கையெழுத்து விழுந்துவிட்டது, அப்பீல் வரவில்லை. ஜெயித்த டீம் மாநிலப் போட்டிக்கு நேற்று ரயிலேறிவிட்டது. கண்ணால் பார்த்து எடுத்த முடிவே இல்லையடா, நான் எதையும் பார்க்கவும் இல்லை கேட்கவும் இல்லை என்றேன். சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, வாயில் விரலை வைத்துக் காட்டினான்.

"கதிரேசா, இந்தக் கடுதாசியை நான் வாங்குனா என்ன ஆகும் தெரியுமா? இந்த சீசன்ல நீ எடுத்த மேட்ச் மொத்தமும் கிளப்புவாய்ங்க. அந்தப் புள்ளைக்கு அப்பவும் ஒண்ணும் கிடைக்காது."

அதுதான் உண்மை. எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. கடிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டான். இனிமேல் மேட்சுக்கு வரவேண்டாம், முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான். அந்த நோட்டைக் கொடு என்று கேட்கவே இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

முப்பது வருஷத்தில், இனி மேட்சே இல்லை என்று தெரிந்த முதல் ஞாயிறு. இன்று குக்கர் வைத்ததும் தமயந்தி கதவோரம் நின்று ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று காட்டினாள். போய் அணைத்தேன். பருப்பு பதமாக இருந்தது. சாப்பிட முடியவில்லை.

ஜெசிந்தா கையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை பத்தொன்பது மேட்ச். ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கும் எனக்காக அந்தப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். என் மானம் போகக்கூடாதென்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கடைசியில் அவள் டீமே அதற்கு விலை கொடுத்தது. நான் அவளைப் பாலகுருவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 19, சனி

அவர்கள் பள்ளிக்குப் போனேன். மைதானத்துக்குள் நுழைந்ததும் ஜெசிந்தா என்னைப் பார்த்துவிட்டாள். வாங்க சார் என்றாள், வாய் அசைந்ததை வைத்துத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க நாலு வரி தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. என்னை மன்னிச்சிரும்மா என்று மட்டும் சொன்னேன். என்னிடம் கோபம் இல்லையாம், தன்மேல்தான் கோபமாம். ஆகஸ்டிலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும் என்றாள்.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஜெசிந்தா மைதானத்தைக் காட்டினாள்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன் சார். நம்ப மாட்டேங்குறா. மிஸ் நம்ம பக்கந்தான பேசுவாங்கன்னு சொல்றா. நீங்க சொன்னாக் கேப்பா."

பெண்கள் ஃப்ரீ த்ரோ பழகிக்கொண்டிருந்தார்கள். சங்கவி வரிசையில் நின்றாள். இரண்டு குதிகாலையும் தரையில் ஆணி அடித்த மாதிரி வைத்திருந்தாள். பந்து ரிங்கில் பட்டுத் தெறித்து, பக்கத்தில் நின்ற பெண் பிடித்துக் கீழே வந்த பிறகுதான் இவள் கிளம்பினாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். முன்பெல்லாம் அவள் கைக்குத் தானாக வந்து விழுந்த பந்து எல்லாம் மற்றவர்களுக்குப் போனது. இரண்டு வாரமாக இப்படித்தானாம். ஒரு ரீபவுண்ட்கூட எடுக்கவில்லையாம்.

என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"சார், வீடியோ பாத்தேன் சார். என் குதிகால் முன்னாடியே தூக்கியிருந்துச்சு. அதைப் பாத்துத்தான ஊதுனீங்க?"

நான் குதிகாலைப் பார்க்கவே இல்லை. குதிகால் தூக்கினால் குற்றமும் இல்லை, கோட்டுக்குள் கால் வந்தால்தான் குற்றம். அவள் தானாகத் தேடி எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்ட தப்பு அது. அவள் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "இல்ல பாப்பா. நீ சரியாத்தான் போன. எனக்குத்தான் காது கேக்கல. தப்பு என்னோடது." டாக்டர் சீட்டைக்கூட எடுத்துக் காட்டினேன்.

அவள் சீட்டை வாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். கஷ்டத்தில் இருக்கிறவருக்கு நாம் தைரியம் சொல்வோமே, அப்படி ஒரு சிரிப்பு.

"பரவாயில்ல சார், ஆறுதலுக்காகச் சொல்ல வேணாம். எங்கப்பாவும் இப்பிடித்தான் சொல்றாரு. நீங்க ஊதினா சரியாத்தான் சார் இருக்கும், எல்லாருக்கும் தெரியும்."

நான் மறுபடி சொன்னேன். ஜெசிந்தா சொன்னாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. என் சொல்லைவிட என் விசிலைத்தான் நம்புகிறாள். முப்பது வருஷமாக அதை அப்படி நம்ப வைத்தது நான்தான், வேறு யார்?

"இப்பச் சரியாப் போறேனான்னு மட்டும் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

நான் ரிங்குக்குக் கீழே போய் என் இடத்தில் நின்றேன். வேறெங்கே நிற்பது என்று தெரியவில்லை. ஜெசிந்தா நடுக்கோட்டுப் பக்கம் போனாள். பந்து போடுகிறவளைப் பார்த்தபடி, பழைய மாதிரியே, ஒரு கையை மெதுவாக உயர்த்தினாள். பந்து கிளம்பியது. நான் சங்கவியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் ஜெசிந்தாவின் கை இறங்கியது. சங்கவி அப்போதும் நின்றுகொண்டே இருந்தாள்.